டாக்டர் மட்டும்தானா ஆஸ்பத்திரி?

 

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நமது வீடுகள் சிலவற்றில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிரியல் பிரிவில் படித்த மகள் மூன்று பாடங்களிலும் நல்லபடியாகச் சித்தியடைந்திருப்பாள். ஆனால் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் போதாமல் போயிருக்கும். அவ்வளவுதான், மௌத்து வீடு போல வீடே அடங்கிவிடும். உம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைப்பார். வாப்பா யாருடைய டெலிபோனையும் எடுக்கமாட்டார். பதின்மூன்று வருடம் படித்த பிள்ளை, ஏதோ குற்றம் செய்தவள் போல அறைக்குள் ஒடுங்கியிருப்பாள்.

சில மாதங்களில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் வரும். விருப்பப் பட்டியலில் தாதியியல், மருந்தாளர் பட்டம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று சில பெயர்கள் இருக்கும். இடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றிருக்கும். "தாதி வேலையா? அதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று ஒருவர் கேட்பார். "யாழ்ப்பாணமா? அங்கே யார் இருக்கிறார்கள் நமக்கு?" என்று இன்னொருவர். "நாலு வருடம் போனால் கல்யாணம் எப்போது?" என்று மூன்றாமவர். இந்த மூன்று கேள்விகளுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் கைநழுவிப் போகும்.

அந்த மூன்று கேள்விகளையும் ஒதுக்கிவிடாமல், கோபப்படாமல், ஒன்றொன்றாக இம்மாதம் பேசிப் பார்ப்போம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள்

கடைசியாக நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டாக்டரின் முன்னால் எத்தனை நிமிடம் இருந்தீர்கள்? ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம். மிச்ச நேரமெல்லாம் யாரிடம் போனது? இரத்தம் எடுத்தவர், அதைச் சோதித்தவர், எக்ஸ்ரே எடுத்தவர், மருந்து தந்து எப்படிக் குடிப்பதென்று சொன்னவர், வார்ட்டில் இரவு முழுக்க விழித்திருந்தவர். இவர்களுடைய துறைகளைத்தான் 'அலைட் ஹெல்த் சயன்ஸ்', அதாவது இணை சுகாதார விஞ்ஞானம் என்கிறார்கள். டாக்டருக்குக் கீழே நிற்பவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. டாக்டரோடு இணைந்து நிற்பவர்கள் என்பதே பொருள்.

ஆய்வுகூடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நீரிழிவு உள்ள ஒருவர் கிளினிக்குக்குப் போவதற்கு முதல் இரண்டு நாள் இனிப்பைக் குறைத்து, சீனி அளவை நல்லதாகக் காட்டிவிடலாம். ஆனால் எச்பிஏ1சி என்ற சோதனையை அப்படி ஏமாற்ற முடியாது. நமது செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் இரத்தத்தில் இருந்த சீனி அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். அதை அளந்து பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு தெரிந்துவிடும். ஒரு தாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், வகை ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. கொடுப்பவரின் இரத்தத்தையும் பெறுபவரின் இரத்தத்தையும் கலந்து, ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். அந்தப் பார்வையில் தவறு நேர்ந்தால் இரத்தமே நஞ்சாகிவிடும். அந்தத் தாயின் உயிர், அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவரின் கவனத்தில் இருக்கிறது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவி, சிலர் உயிரிழந்ததைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சனங்கள் பயந்து போனார்கள். மாதிரிகள் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. பெயர் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது, வயலில் இறங்குவோர் எப்படித் தற்காத்துக்கொள்வது என்பதும் தெரிந்தது. அதுபோல, ஒரு காலத்தில் புத்தளத்திலும் மன்னாரிலும் வன்னியிலும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்த மலேரியா இன்று எங்கே? 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கண்ணாடித் துண்டில் தடவிய ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து, நாள்தோறும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பெயர் தெரியாத பலரின் உழைப்பும் அந்த அறிவிப்புக்குள் இருக்கிறது.

மருந்தாளர் விஷயமும் அப்படித்தான். 'பெட்டியைப் பார்த்து மாத்திரை எடுத்துத் தருவதற்கு ஏன் பட்டப்படிப்பு?' என்று கேட்போர் உண்டு. காய்ச்சலுக்கு ஒரு பெயரில் மாத்திரை, தடிமலுக்கு வேறொரு பெயரில் மாத்திரை என்று இரண்டையும் குடிக்கிறோம். இரண்டிலும் பரசிட்டமோல் இருந்தால், தெரியாமலே இரட்டிப்பு அளவு உடம்புக்குள் போய் ஈரலைத் தாக்கும். நோன்பு காலத்தில் நீரிழிவு மாத்திரையை ஸஹருக்குக் குடிப்பதா, இஃப்தாருக்குக் குடிப்பதா, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர் சொன்னதை வீட்டு மொழியில் விளக்கித் தர ஒருவர் வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும், ஐஸ் பெட்டிக்குள் உறைந்தால் அது பயனற்றது என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். நமது உம்மாமாருக்கு அவர்களுடைய பேச்சிலேயே, கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய விதத்தில் இதைச் சொல்ல ஒரு பெண் மருந்தாளர் இருந்தால் எப்படியிருக்கும்!

தாதி? பிரசவம் முடிந்து எல்லோரும் பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படும் அந்த முதல் மணித்தியாலங்களில்தான் தாய்க்கு ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம். அதை முதலில் காண்பவள் பக்கத்தில் நிற்கும் தாதி. விழுந்து படுக்கையாகிவிட்ட ஒரு மூத்தம்மாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும். எவ்வளவு விலையுள்ள மருந்து கொடுத்தாலும் அந்தப் புரட்டலுக்கு அது ஈடாகாது.

இன்னொன்றையும் மனம்விட்டுக் கேட்கிறேன். மார்பகத்தைப் பரிசோதிக்கும் எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, "பெண் ஒருவர் இருக்கிறாரா?" என்று கேட்கிறோம். பாரிசவாதத்துக்குப் பிறகு உம்மாவின் கையையும் காலையும் பிடித்துப் பயிற்சி கொடுக்க, "பெண் வரமாட்டாரா?" என்று கேட்கிறோம். இல்லை என்றால் சிலர் சிகிச்சையே எடுக்காமல் திரும்பிவிடுகிறார்கள். கேட்பது நமது உரிமை. ஆனால் எல்லோருமே நம் மகள்மாரை இத்துறைகளுக்கு அனுப்ப மறுத்துவிட்டு, நமக்கு மட்டும் பெண் ஒருவர் வரவேண்டும் என்று கேட்டால், அவர் எங்கிருந்து வருவார்? யாருடைய மகளாக வருவார்?

இது நமக்குப் புதிய வேலையா?

கந்தக் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் காயப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை மஸ்ஜிதுன் நபவியில் அமைந்திருந்த கூடாரத்தில் தங்கவைக்கச் செய்தார்கள். அந்தக் கூடாரம் ருஃபைதா (ரழி) என்ற அஸ்லம் கோத்திரத்துப் பெண்மணியுடையது. காயப்பட்டவர்களுக்கும் கவனிக்க ஆளில்லாதவர்களுக்கும் அவர் அங்கே சிகிச்சை செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் ஏழு யுத்தங்களில் உடன் சென்று, உணவு சமைத்தும் காயப்பட்டோரைப் பராமரித்தும் பணி செய்தவர்கள். இவர்களை நினைத்துப் பார்த்தால் 'தாதி வேலையா?' என்று கேட்கும் நாக்கு கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ழ் கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். சமூகத்தில் போதிய அளவு பேர் அதைச் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அதோடு அவர்கள் நிற்கவில்லை. மதிப்பும் பதவியும் கிடைக்கும் துறைக்கே எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு போகிறார்கள், ஊருக்குத் தேவையான மருத்துவத் துறையோ ஆளில்லாமல் கிடக்கிறது என்று அந்தக் காலத்திலேயே கடிந்து எழுதினார்கள். இன்றைக்கு அவர்கள் இருந்திருந்தால், 'டாக்டர்' என்ற ஒரே வாசலில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்பதையும், பக்கத்து வாசல்கள் திறந்து கிடப்பதையும் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

நம் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. கராச்சியிலுள்ள ஆகா கான் பல்கலைக்கழகம் இன்று உலகம் அறிந்த மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனால் அது தொடங்கியது மருத்துவக் கல்லூரியோடு அல்ல. 1980 இல் முதலில் தாதியர் கல்லூரியைத்தான் ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பட்டயம் கிடைத்தது 1983 இல். நல்ல தாதியர் இல்லாமல் நல்ல ஆஸ்பத்திரி நடத்த முடியாது என்பது கட்டிடம் எழுப்பியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணம் என்றதும்...

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யாழ்ப்பாணம் மருத்துவக் கல்விக்குப் புதிய ஊரல்ல. 1820 அளவில் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். 1847 இல் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியம், இரசாயனம் என்று தடித்த நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் 60 பேருக்கு மேற்பட்டோர் படித்து வைத்தியர்களானார்கள். பெண்களுக்கென்றே இணுவிலில் 1898 இல் மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. பெண் டாக்டர்கள் அங்கே பணி செய்தார்கள், உள்ளூர்ப் பெண்கள் தாதியராகப் பழகினார்கள். ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்ட பெண்கள் அங்கே தயக்கமின்றிப் போனார்கள். அந்தக் கூச்சம் எல்லாச் சமூகத்துப் பெண்களுக்கும் பொதுவானதாகத்தான் இருந்தது.

1974 இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 1978 இல் மருத்துவ பீடம் தொடங்கியது. அந்த மருத்துவ பீடத்துக்குள் ஓர் அலகாகத் தொடங்கியதுதான் இணை சுகாதாரக் கற்கை. இன்று அது தனிப் பீடமாக வளர்ந்திருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலைதான் மாணவர்களின் இரண்டாவது வகுப்பறை.

ஆனால் நமது உம்மாமார் "யாழ்ப்பாணமா?" என்று கேட்கும்போது அவர்கள் நினைப்பது இதை அல்ல. எனக்கு அது விளங்குகிறது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி சோனகத்தெருவிலும் ஐந்துசந்தியிலும் ஒலிபெருக்கி ஒலித்தது. ஆண்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். மாற்று உடுப்போடு புத்தளம் வந்து ஓலைக் கொட்டிலில் பிள்ளை பெற்ற தாய்மார் இன்றைக்கு உம்மம்மாமாராக இருக்கிறார்கள். அவர்கள் பேத்தியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத் தயங்கினால், அது அறியாமையால் வந்த தயக்கமாகாது. பட்டறிவால் வந்தது.

அதே ஊரைப் பற்றிய இன்னும் சிலவற்றையும் பேத்திக்குச் சொல்லவேண்டும். அந்த மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக ராஜினி திராணகம என்ற பெண் இருந்தார். அநியாயத்தை யார் செய்தாலும் அதை எழுதிவைத்ததற்காக 1989 செப்டம்பர் 21 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனித உரிமைக் குழு, பின்னர் நமது வெளியேற்றத்தையும் அநியாயம் என்று ஆவணப்படுத்தியது. நமக்காகப் பேசிய தமிழர்களும் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தார்கள். நாம் வெளியேறி ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு நடந்தார்கள். மழைக்குள் தலையில் மூட்டையோடு போவது எப்படியென்று அந்த ஊருக்கும் தெரியும்.

மறக்கக்கூடாத இன்னொரு பெயர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனவர். வறிய முஸ்லிம் பிள்ளைகள் உயர்கல்வி கற்பதற்காக 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியவர். நமது சமூகத்துக்குக் கல்வியின் வழியைக் காட்டிய பெரியார் ஒருவரைத் தந்த மண்ணும் அதுதான்.

பாதை இன்று திறந்திருக்கிறது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப ஓடியது. சோனகத்தெருவில் மக்கள் குறைவாக என்றாலும் குடியேறியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. கிழக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வரும் நமது பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கென முஸ்லிம் மஜ்லிஸும் உண்டு. உம்மம்மாவை விரட்டிய ஊரில் பேத்தி வெள்ளை அங்கி அணிந்து, தமிழ்த் தாயொருவரின் கைநரம்பைத் தேடி மெதுவாக ஊசியேற்றி, "நோகுதா அம்மா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனையோ சமாதான மாநாடுகள் செய்யாத காரியத்தை அந்த ஒரு கேள்வி செய்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

யாழ். பல்கலைக்கழகத்தில் இத்துறையில் மூன்று பட்டங்கள் உண்டு. தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்பவை அவை. ஒவ்வொன்றும் நான்கு வருடம். பிசியோதெரபியோ, எக்ஸ்ரே துறையான ரேடியோகிராஃபியோ விரும்பினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே இவற்றோடு மற்ற மூன்றும் இருக்கின்றன.

அனுமதிக்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு போன்றவை இந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். ஆகவே கொழும்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காதது உங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் முந்திய வருட வெட்டுப்புள்ளிகளும் இருக்கும். அதை வாங்கி, மகளும் நீங்களும் சேர்ந்திருந்து படியுங்கள். விருப்பப் பட்டியலில் எதை எத்தனையாவதாகப் போடுகிறோம் என்பது மிகவும் முக்கியம். பக்கத்து வீட்டார் சொன்னபடி அதை நிரப்பிவிடாதீர்கள்.

கற்பிப்பது ஆங்கிலத்தில். உயர்தரத்தைத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை பல மாதங்கள் சும்மா போகின்றன. அந்தக் காலத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் பாதிப் பாரம் குறையும்.

1945 இல் வந்த இலவசக் கல்வியின் புண்ணியத்தால் அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றுக்கு வீட்டிலிருந்தும் அனுப்பவேண்டியிருக்கும்.

தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். மருந்தாளர்களையும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களையும் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. தாதியருக்குத் தாதியர் சபை. "இந்தப் படிப்பை முடித்தால் சபையில் பதிவு கிடைக்குமா?" என்று நேராகக் கேட்டு, பதிலைக் கடிதத்தில் வாங்குங்கள். பதிவில்லாத சான்றிதழைச் சுவரில் மாட்டிவைக்கலாம். அதைக் கொண்டு தொழில் செய்ய முடியாது.

பட்டம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடவில்லை. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு, யாழ்ப்பாணத்திலும் ஒன்று இருக்கிறது. அங்கே பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் கிடைக்கும்.

உம்மாமாரின் கவலைகள்

கல்யாணம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்க வாப்பா வெளிநாட்டில் பதினைந்து, இருபது வருடம் வெயிலில் நிற்கிறார். அந்த வீட்டுக்காக அவ்வளவு காலம் பொறுக்கும் நாம், மகளின் படிப்புக்காக நான்கு வருடம் பொறுக்கமாட்டோமா? வீடு ஓர் இரவில் பறிபோகக் கூடியது என்பதை வடக்கிலிருந்து வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கற்ற தொழிலை யாரும் மைதானத்தில் வைத்துப் பறித்துக்கொள்ள முடியாது.

இரவு வேலை இருக்கும் என்பது உண்மைதான், மறைக்கவேண்டியதில்லை. தாதித் தொழிலில் அது தவிர்க்க முடியாதது. ஆய்வுகூடத்திலும் முறைவேலை உண்டு. வரன் பேசும்போதே இதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். நள்ளிரவில் தன் மனைவிக்குப் பிரசவ வலி வரும்போது ஒரு பெண் தாதி விழித்திருக்க வேண்டும் என்று விரும்புகிற எந்த மாப்பிள்ளையும், தன் மனைவி அப்படி விழித்திருப்பதைக் குறைவாக நினைக்க நியாயமில்லை.

உடை பற்றிக் கவலைப்படுவோர் வதந்தியைக் கேட்காமல், அங்கே படிக்கும் நமது மூத்த மாணவியரிடமும் பீடத்திடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தூரப் பயணம் குறித்த மார்க்கக் கேள்விகளை நீங்கள் நம்பும் ஆலிமிடம் முன்வையுங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்வருமாறு ஒழுங்கு செய்யலாம். பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. என்ன நடந்தாலும் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியத்தை மகளுக்குக் கொடுத்து அனுப்புங்கள். சட்டத்தையும்விட அதுதான் பெரிய காவல்.

தொழில் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். பட்டம் கிடைத்த மறுநாளே அரசாங்க நியமனம் வீட்டுக்கு வந்துவிடாது, காத்திருக்க நேரலாம். ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். தேவை குறையவில்லை. மருந்துக்கடை நடத்தவும் பதிவு பெற்ற மருந்தாளர் இருக்கவேண்டும் என்பது சட்டம். நமது ஊர்களில் கடை வைத்திருப்போர் எத்தனையோ பேர், பதிவு பெற்ற நமது பெண் மருந்தாளர் எத்தனை பேர்?

கடைசியாக ஒன்று. 2020 இல் கொரோனா வந்தபோது நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், நிலத்தடி நீர் பழுதாகும் என்று விஞ்ஞானத்தின் பெயரால் சொன்னார்கள். 2021 இல்தான் அடக்க அனுமதி கிடைத்தது. விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுவதை விஞ்ஞானத்தைக் கொண்டே எடைபோட்டுப் பதில் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் நமக்குள் வேண்டும். டாக்டர்கள் சிலர் மட்டும் அதற்குப் போதாது.

2011 இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து நிதி சேர்த்தார்கள். எல்லா இனத்தவரும் கொடுத்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. கட்டிடத்தைக் காசு சேர்த்துக் கட்டிவிடலாம். அதற்குள் நின்று வேலை செய்யும் கைகளை அப்படிச் சேர்க்க முடியாது. அவை வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே சகோதரியே, இந்த வாரம் உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டராகாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்காதீர்கள். அதில் தோல்வியின் வாடை இருக்கிறது. "நோயாளிக்கு எந்த விதத்தில் உதவ உனக்கு விருப்பம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கைநூலைத் திறவுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்கிவைப்பானாக. அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.